ஆற்றுவாய்

மணித்தியாலக் கணக்கில் எனக்குக் கூலி.
ஆகவே என் சாட்சியம்
மீற்றரில் ஓடியது மட்டும்.

தவமலர் தவிசாளராக இருந்த கார்த்திகையில்
இரவு ஒன்றேகாலுக்கு ஃபோன்:
"பெக்கோவை இறக்கு மனே, ஆற்றுவாயை வெட்டு.
கடதாசி விடிஞ்சாப்பிறகு."
மழையில் ஹெட்லைட்
நாலு முழத்துக்கு அப்பால் போகவில்லை.
கல்லாற்று மண்மேட்டில் குடையில்லாமல் நின்றா.
அரிசி ஆலையில் பதினேழு வருஷம் கணக்கெழுதின கை
விரலை மடித்து எண்ணியது:
படுவான்கரையில் எத்தனை ஏக்கர்,
வாவியில் எத்தனை தோணி.
எண்ணி முடித்துத் தலையை ஆட்டினா.
வாளியை இறக்கினேன்.

ஒரு முழம் வெட்டினால் போதும்,
மிச்சத்தைத் தண்ணீர் தானே வெட்டிக்கொள்ளும்.
அரசியலைப் பற்றி எனக்குத் தெரிந்ததும்
அவ்வளவுதான்.

விடியும்போது வட்டைகளில் பயிரின் தலை தெரிந்தது.
வாவி இறால் முழுக்கக் கடலுக்குப் போயிருந்தது.
மரியசீலனின் குசினியும் போயிருந்தது,
சுவர் மட்டுமல்ல,
அடுப்பில் வைத்த பானையோடு.
பத்து மணிக்கு வந்தா,
கையில் தன் சொந்தக் காசோலைப் புத்தகம்.
"இதுதான் தம்பி குறைஞ்ச நட்டம்."
அவன் கேட்டான்:
"குறைஞ்சது ஆருக்கு அக்கா?"
பதில் இல்லை.
அனுமதிக் கடிதத்தில் முந்தின நாள் திகதி போட்டா.
கை நடுங்கவில்லை, பார்த்தேன்.

அடுத்த தேர்தலில் புவிநேசராசா.
தபாற்கந்தோர் வேலையை விட்டு வந்தவர்.
'கேளாமல் ஒருபிடி மண்ணும் எடுக்கமாட்டேன்' என்று
நோட்டீஸில் அடித்தவர்.
வென்ற பிறகும் அதை நம்பிய ஒரே ஆள்.
மழை வந்தது.
பலநோக்கு மண்டபத்தில் மேசை போட்டார்.
வட்டை விதானை பேசினார், மீனவர் சங்கம் பேசியது,
பேசத் தெரியாதவர்களுக்காகவும் காத்திருந்தார்.
எல்லோருக்கும் பிளேன்டீ.
எழுபது கைகள் உயர்ந்தன.
மரியசீலனின் கை மடியில் கிடந்தது.
"அவனும் சொல்லட்டும்" என்றார்.
மூன்று நாள் அவன் சொல்லவில்லை.
மீற்றர் ஓடாத மூன்று நாள்
மண்மேட்டில் சும்மா நின்றது இயந்திரம்.
வாளியில் மழைத்தண்ணீர்,
அதில் ஒரு தவளை.

நாலாம் நாள் மரியசீலன் தானே வந்தான்,
தோளில் மண்வெட்டி,
பின்னால் முப்பது பேர்.
இறாலுக்கு வலைகட்டி மறித்துவிட்டு
கரையாரும் வயற்காரரும் ஒன்றாக இறங்கினார்கள்.
அப்படியொரு வெட்டை நான் கண்டதில்லை.
என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.
அழகாக இருந்தது.
நாற்பது நாள் பயிர்
அதற்கு முன்பே அழுகியிருந்தது.

படுவான்கரைக்குப் போனார்,
முழங்காலளவு சேற்றில் நின்று மன்னிப்புக் கேட்டார்.
போடியார் ஒருவர் சொன்னார்:
"நீங்க நல்ல மனிசன் ஐயா.
உங்கட நன்மையை
எந்த வங்கியில அடகு வைக்கலாம்?"

இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கின்றன.
ஒன்றில் திகதி பொய்.
மற்றதில் திகதி உண்மை,
மூன்று நாள் பிந்திய உண்மை.
இரண்டு தடவையும் பங்குனியில்
கடல் மண்ணைக் கொண்டுவந்து வாயை அடைத்தது,
ஆர் வெட்டினது என்று பாராமல்.

இப்போது இருவரும் வெறும் உறுப்பினர்கள்.
நேற்றுப் பின்னேரம் மண்மேட்டில் கண்டேன்,
பத்தடி தள்ளித்தள்ளி நின்றார்கள்.
அவ கேட்டா:
"மரியசீலன் என்ன சொல்றான்?"
அவர் அளவுத்தடிக்குக் குனிந்து கேட்டார்:
"இன்னும் எத்தனை அங்குலம் தாங்கும்?"
ஒருவர் கேட்டது மற்றவருக்குக் கேட்கவில்லை,
வாடைக்காற்று.
நானும் போய்ச் சொல்லவில்லை.

புதுத் தவிசாளர் ஃபோனை எடுக்கிறார் இல்லை.
அளவுத்தடியில் இன்னும் இரண்டு கோடு மிச்சம்.
டீசல் அடித்து
எஞ்சினைச் சூடாக விட்டிருக்கிறேன்.
மீற்றர் ஓடுகிறது.