இணையிலி

தமிழில் இது புகழ்ச்சொல்.
இணையில்லாதவள் என்றால்
மேடையில் மாலை விழும்.
இந்த அறையில் அது வெறும் கணக்கு:
நைட்ரஜனுக்கு ஏழு, ஆக்சிஜனுக்கு எட்டு,
கூட்டினால் பதினைந்து எலெக்ட்ரான்.
ஜோடி ஜோடியாகப் பிரித்தால்
ஒன்று மிஞ்சும்.

மிஞ்சிய அதைத்தான் தேடுகிறேன்,
சாஸ்கட்டூனில், ஜனவரியில், இரவு ஒன்றேகாலுக்கு.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
கார்களுக்கெல்லாம் மூக்கில் வயர் செருகி
என்ஜின் உறையாமல் காக்கும் ஊர்.
குழாய் நிற்கும் திரவ நைட்ரஜனோ
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு.
அங்கிருந்து பார்த்தால்
தெருவில் இப்போது கோடை.

காந்தப்புலம் ஏறுகிறது,
மாடிப்படி ஏறும் நிறைமாதக்காரிபோல.
ஜோடி சேர்ந்தவை எதையும்
இந்தக் கருவி கண்டுகொள்வதில்லை.
ஹீமில் ஆக்சிஜன் வந்து அமர்ந்தால் நேர்க்கோடு.
கார்பன் மோனாக்சைடு வந்தால்
ஆளைக் கொன்றுவிட்டும் நேர்க்கோடு.
நைட்ரிக் ஆக்சைடு மட்டும்
இரும்பைப் பற்றிய பின்னும்
தன் ஒற்றையை மறைக்காது.
சில புரதங்களில் அந்தப் பிடி இறுகும்போது
எதிர்ப்பக்கம் முதல்நாளிலிருந்து
இரும்பைத் தாங்கிவந்த ஹிஸ்டிடின்
கையை எடுத்துக்கொள்ளும்.
அப்போது தெரியும் மூன்று கூரான பற்கள்.
அந்த மூன்றுக்காக
ஏழு வாரம் புரதம் சுத்தம் செய்தேன்.

வந்தது வேறு.
ஆயிரத்து நூறு காஸ் தாண்டியதும்
கொழுத்த ஒரு மேடு.
இரும்பு இரும்புதானே, துருவேறிவிட்டது.
ரப்பர் மூடியில்
என் ஊசி போட்ட துளை வழியே
காற்று.
நான் மூச்சு விடும் அதே காற்று.
நான்கு குழாய்.
நான்கும்.

ஓரெஸ்ட் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்,
திரவ நைட்ரஜன் நிரப்பும் இரவுப்பணிக்காரர்.
நப்பின்னை வாயில் நிற்காமல்
'நாப்' என்று சுருக்கியவர்.
இங்கே அதற்குக் குட்டித்தூக்கம் என்று பொருள்.
நான் தூங்கி இரண்டு நாள்.
திரையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
டப்பாவைத் திறந்து
ரொட்டிக்கு நடுவே இருந்த ஹாமை நீட்டினார்.
நான் மாமிசம் சாப்பிடுவதில்லை.
ஆனால் அந்த இளஞ்சிவப்பு!

வெந்த இறைச்சி பழுப்பாக வேண்டும்.
பதப்படுத்திய உப்பிலிருந்து கிளம்பி
தசையின் இரும்பில் போய்ப் பூட்டிக்கொண்டிருக்கிறது
நைட்ரிக் ஆக்சைடு,
ஆர்கான் இல்லாமல், கையுறைப்பெட்டி இல்லாமல்,
கடையில் கிலோ எட்டு டாலருக்கு.

நகக்கண் அளவு கத்தரித்தேன்.
குவார்ட்ஸ் குழாயில் குச்சியால் தள்ளினேன்.
முக்கியதும் புகைந்தது, முனகியது, அடங்கியது.
மூவாயிரத்து முந்நூறு காஸ் அருகே
கோடு குனிந்தது, நிமிர்ந்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.

"என் சாப்பாடா இது?"
"அதிலுள்ள நைட்ரஜன். அதன் கருவுக்கு மூன்று நிலை,
நிலைக்கு ஒரு கோடு."
"குளிர்காலத்தில் எனக்கு ஒன்றுதான்" என்றார்.

ஆக, கருவியில் குறையில்லை.
குறை என் கையில்.
அது தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல், நிறையக் கடுப்பு.
பதிவேட்டில் 'மாதிரி' என்ற கட்டத்தில்
'ஹாம், ஓரெஸ்ட், அரைத்துண்டு' என்று எழுதினேன்.

புது மூடி. ஐந்தாவது குழாய். மிச்சமிருந்த கடைசிச் சொட்டு.
காந்தம் மறுபடி அடியிலிருந்து ஏறத் தொடங்கியது.
ஆயிரத்து நூறு.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததற்காக இவ்வளவு மகிழ்ந்ததில்லை.
இன்னும் இரண்டாயிரத்து இருநூறு காஸ் போகவேண்டும்.
ஓரெஸ்ட் போகாமல் நின்று
மீதி ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.