இரண்டு பட்டம், ஒரு மூக்கு

தேநீர் பதினைந்து சொல்லியிருந்தேன்.
வந்தது பதினோரு பேர்,
அதில் இரண்டு பேர் ஏசிக்காக.
காலாப்பட்டில் ஏப்ரல் அப்படித்தான்.
கடல் நடக்கிற தூரத்தில் இருக்கும்,
காற்று மட்டும்
வேறு எங்கோ வகுப்பெடுக்கப் போயிருக்கும்.

வியாழக்கிழமைக் கருத்தரங்கு
இந்தப் பருவம் என் பொறுப்பு.
பொறுப்பு என்றால்
சாவி வாங்குவது, டஸ்டரைச் சுவரில் அடிப்பது,
புரொஜெக்டர் நீலத்திலேயே நின்றுவிட்டால்
கூடவே நிற்பது,
கடைசியில் பதிவேட்டில் நாலு வரி.

விண்ணரசி நாலு வருடமாக
ஒரே லெம்மாவோடு குடித்தனம்.
ஹாஸ்டலில் எனக்கு எதிர் அறை.
இரவு இரண்டு மணிக்குக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தால்
மூன்றாம் பிரிவு இன்னும் மூடவில்லை.
போன மாதம் ஒருநாள் வெளிச்சம் இல்லை.
காலையில் தலைக்குக் குளித்து வந்து
மெஸ்ஸில் நாலாவது பூரி கேட்டாள்.

கிராஃப் என்றால் புள்ளிகள்,
சில புள்ளிகளுக்கு நடுவே கோடு.
கோட்டின் இரு முனைக்கும் ஒரே நிறம் ஆகாது.
அவ்வளவுதான்.
முத்தியால்பேட்டையில் அவள் அப்பா
பொறுமையாகக் கேட்டுவிட்டு
"இதுக்கா ஸ்டைபண்டு தர்றான்?" என்றாராம்.

இந்த வகையில் எதை எடுத்தாலும்
மூன்று நிறம் போதும்
என்பது விண்ணரசியின் தேற்றம்.
பலகை நிறைய எழுதி
கடைசியில் சின்னச் சதுரம் போட்டாள்,
நிரூபணம் முடிந்தது என்று.
தணிகைமலை சார் தலையாட்டினார்.
கைதட்டலாமா என்று நான் யோசித்தபோது
பின் வரிசையிலிருந்து ஜெசிமா,
எம்எஸ்சி முதல் வருடம், காரைக்கால்,
"அக்கா, இது உங்க வகையில சேருமா?"

எழுந்து வந்து ஓரத்தில் வரைந்தாள்.
இரண்டு பட்டம், ஒரே மூக்கு.
வால் நுனி இரண்டையும் ஒரு கோடு கட்டியது.
ஏழு புள்ளி.
மூக்கு சிவப்பென்றால்
வாலும் சிவப்பாகத்தான் வேண்டும்,
இந்த வாலும், அந்த வாலும்.
நடுவில் அந்தக் கோடு.

"அது மூணாவது நிபந்தனையில விழுந்துடும்மா"
என்று சிரித்தாள் விண்ணரசி.
முதல் நிபந்தனை பார்த்தாள். சரி.
இரண்டாவது. சரி.
மூன்றாவதை எழுதினாள், அழித்தாள்,
மறுபடி எழுதினாள்.
விழவில்லை.

யாரும் எழுந்து போகவில்லை.
ஏசிக்கு வந்த இருவரில் ஒருவன்
கோடுகளை விரலால் எண்ணினான், பதினொன்று,
ஏதோ குறைந்துவிடும் என்பதுபோல்
திரும்பவும் எண்ணினான்.
தணிகைமலை சார் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.
ஜெசிமா சாக்பீஸை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தாள்.
எட்டு நிமிடம் இருக்கும்.
வெளியே ஈசிஆரில் மரக்காணம் பஸ்
ஹாரன் அடித்துப் போனது.

விண்ணரசி திரும்பி
அந்தச் சதுரத்தை மட்டும்
உள்ளங்கையால் தேய்த்தாள்.
"உன் இனிஷியல் என்ன?" என்று கேட்டு
படத்துக்குக் கீழே பெயரை எழுதினாள்.
பிறகு எங்களைப் பார்த்து
"டீ ஆறிடும்."

தேற்றம் என்ற சொல் பலகையில் அப்படியே இருந்தது.
நான்தான் அழித்தேன்,
சாவி என்னிடம் இருந்ததால்.

பதிவேட்டில் எழுதியது:
பேச்சாளர் ஒருவர். வருகை பதினொன்று.
தேநீர் மீதம் நான்கு.
'விளைவு' என்ற கட்டத்தில்
ஏழு புள்ளி வைத்துக் கோடிழுத்தேன்.
அலுவலகத்தில் கேட்பார்கள். கேட்கட்டும்.

எழுதாதது ஒன்று உண்டு.
என் ஆய்வேட்டின் இரண்டாம் அதிகாரம்,
பதினாறு பக்கம்,
அவள் லெம்மாவின் மடியில் உட்கார்ந்திருக்கிறது.
அந்த எட்டு நிமிடமும்
அவளுக்காக நான் வருந்தியதாக
அவள் நினைத்திருப்பாள்.

இரவு இரண்டு மணி.
எதிர்க் கதவில் வெளிச்சம்.
கதவைத் தட்டப் போனேன்.
உள்ளே ஜெசிமாவின் குரல்,
"அப்ப நாலு நிறம் எல்லாத்துக்கும் போதுமாக்கா?"
பதில் வரவில்லை,
சாக்பீஸ் சத்தம் வந்தது.
திரும்பிப் போய்
பதினாறு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.