பதினேழாம் கேள்வி

உட்துறைமுக வீதியில், போட்டோக்கொப்பிக் கடையில்
சிபானா என் பெயரைத் தட்டுகிறாள்:
செல்லையா குகப்பிரியன்.
பிறந்த இடம் மனையாவெளி.
தொழில், இழுவைப் படகில் கயிறு பிடிப்பது.
"அதை இங்கிலிசில எப்பிடிப் போடுறது அண்ணன்?"
"நீயே ஏதாவது போடு."
மாலுமி என்று போட்டாள்.
அவ்வளவு கெதியாக ஒருவனுக்குப் பதவி உயர்ந்து
நான் கண்டதில்லை.

மகள் தோஹாவில், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில்.
எங்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு
பினாங்கு, லங்காவி, ஏழு இரவு,
ஜன்னல் இல்லாத அறை, சாப்பாடு உட்பட.
காசு கட்டிவிட்டுத்தான் சொன்னாள்.
கேட்டால் வேண்டாம் என்போம், அது அவளுக்குத் தெரியும்.

பதினேழாம் கேள்விக்கு வந்ததும்
சிபானாவின் விரல் நின்றது.
எந்த நாட்டிலாவது, எப்போதாவது
குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டீர்களா?
ஆமுக்கு ஒரு சின்னப் பெட்டி.
இல்லைக்கு அதே அளவில் இன்னொன்று.

"இல்லைதானே?" என்றாள்,
மற்றதற்கு இடமே வைக்காத குரலில்.

"ஆம் போடு."

"என்ன குற்றம் அண்ணன்? ஒரு வரியில எழுதட்டாம்."

"கப்பல் ஏறினது."

கப்பலும் இல்லை அது. நாற்பத்திரண்டு அடி றோலர்.
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு,
ஆடி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்
சல்லிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து
ஏறினது அறுபத்தொரு பேர்.
ஆளுக்கு எட்டு லட்சம்.
எனக்குக் கயிறு தெரியும் என்று ஏழு.
பத்தாம் நாள் எஞ்சின் நின்றது.
சோற்றில் டீசல் மணத்தது, குழந்தைகளின் தலைமயிரிலும்.
நேவி வந்தபோது கை தட்டினவர்களும் இருந்தார்கள்.

எங்களைக் கொண்டுவந்து இறக்கிய அதே துறையில்தான்
இன்றைக்கு வெள்ளைக்காரர் தொப்பியோடு இறங்குகிறார்கள்.
அவர்களின் கப்பலுக்குக் கயிறு பிடிப்பது நான்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்குப் பெயர்
உல்லாசப் பயணம் என்று
அப்போதே யாராவது சொல்லித் தந்திருந்தால்
நீதவானிடம் சொல்லிப் பார்த்திருப்பேன்.
ஐம்பதாயிரம் தண்டம்.
ஒத்திவைத்த சிறை ஆறு மாதம்.
பத்து விரலும் மையில்.

சிபானா கொழும்புக்குப் போன் எடுத்து
தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக் கேட்டாள்.
கப்பல் மறிக்காதாம், கரைகள்தான் மறிக்குமாம்.
ஏறலாம், அறை உண்டு, சாப்பாடு உண்டு.
அங்கங்கே இறங்க விடுவார்களோ இல்லையோ
அது கம்பனியின் பொறுப்பில்லை.
காசு திரும்பாது.

வெளியே கடைப் படியில் ஒரு மான்,
யாருடையதோ அடையாள அட்டைப் பிரதியை
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.
இந்த ஊரில் கோட்டைக்குள் போகவும் வரவும்
ஒன்றையும் காட்டத் தேவையில்லாதது அதுகள் மட்டும்தான்.

வீட்டில் இரத்தினமலரிடம் சொன்னேன்.
சூடை மீன் தலையைக் கிள்ளியபடியே கேட்டிருந்தாள்.

"நான் இறங்கலாம்தானே?"

"உனக்கென்ன. உன்ர பேரில ஒண்டும் இல்லை."

அந்த நாட்களில் அவளுடைய தோடு அடைவில் இருந்தது.
போன் வரும் என்று, கிணற்றடிக்குப் போகும்போதும்
அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போனாளாம்.
மணி அடித்தால் கேட்க வேண்டுமே என்று
வாளியைக்கூட மெதுவாக இறக்கினாளாம்.
அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"அப்ப நான் இறங்கிப் போறன்" என்றாள்.
"நீங்க மேல நிண்டு பாத்துக்கொண்டிருங்கோ.
ஒரு பகல்தானே.
வருவாளோ வரமாட்டாளோ எண்டு."

சிரிக்கிறாளா என்று குனிந்து பார்த்தேன்.
கன்னத்தில் ஒரு செதிள் மின்னியது,
வேறொன்றும் தெரியவில்லை.

பிறகு கேட்டாள்,
கப்பலில் பிளேன்டீ குடுப்பாங்களா,
இஞ்சி நாங்கள்தான் கொண்டுபோக வேணுமா என்று.