பத்து, இருபது

சனிக்கிழமை ஏழரைக்குக் கரண்ட் போனது.
இந்த மழைக்கு ஏற்காட்டில் அது நியாயம்தான்.
பேக்கரியின் பின்னறையில், ரஸ்க் தகரங்களுக்கு நடுவே,
எமர்ஜென்சி விளக்கைக் கவிழ்த்து வைத்தார் இக்னேஷியஸ்.
சீட்டைக் கலைத்தது நஞ்சுண்டன்.
செவ்வாய்ப்பேட்டையில் வாரமெல்லாம்
கொலுசுக்குக் கண்ணி கோத்த விரல்கள்,
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து
இங்கே ஐம்பத்திரண்டை எண்ணுகின்றன.

எங்கள் ஆட்டத்துக்கு வரம்பு உண்டு.
முதல் இரண்டு சுற்றுக்குப் பத்து, அடுத்த இரண்டுக்கு இருபது.
ஒரு சுற்றில் மூன்று முறைக்கு மேல் ஏற்றக் கூடாது.
விதி எழுதிய அட்டை ஈஸ்ட் டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறது.
டாக்டர் கமருன்னிசா மாட்டுக்கு மருந்தெழுதும் அதே கிறுக்கல்.
ஏன் எழுதினோம் என்று யாரும் பேசுவதில்லை.
அது வெளியே நனைந்துகொண்டு நிற்கிறது.

எனக்கு வந்தவை இரண்டு ராஜா.
ஏற்றினேன், மூவரும் கூடவே வந்தார்கள்.
நடுவில் விரித்த மூன்றில் ஆட்டின் ராஜா,
பக்கத்தில் ஆட்டின் ஏழு,
பிறகு யாருக்கும் உதவாத கிளாவர் மூன்று.
இக்னேஷியஸ் பத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வரம்பில்லாத காலத்தில் என்ன செய்திருப்பேன்?
செய்தவன்தானே, தெரியாதா?
நாலு பத்தைக் கையில் வைத்துக்கொண்டு
இருமினேன். மணி பார்த்தேன்.
டீ ஆறிப்போச்சு என்று அலுத்துக்கொண்டேன்.
என் அலுப்பை நம்பி அவர் தள்ளினார், தள்ளினார்,
கடைசியில் ஒரு சாவியைத் தள்ளினார்.
அதில் அந்தோனியார் பதக்கம் இன்னும் தொங்குகிறது.
கழற்றித் தர எனக்கும் தோன்றவில்லை,
கேட்க அவருக்கும்.

இப்போது பதுங்கி என்ன ஆகப்போகிறது?
பத்து ரூபாய்க்கு ஓடுகிறவர் இந்த மேசையில் இல்லை.
சும்மா இருந்தால் மிஞ்சுவது ஒரு பத்து.
அதற்குள் ஆட்டின் இரண்டு வைத்திருப்பவர்
அடுத்த சீட்டை மலிவாகப் பார்த்துவிடுவார்.
இந்த மலையில் பனியைத் தவிர
எதையும் மலிவாய்க் கொடுக்காதே என்பது நஞ்சுண்டன் கணக்கு.
ஏற்றினேன்.
கை நிறைய இருக்கிறது என்று
உரக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

எல்லோரும் கட்டினார்கள்.
நாலாவது சீட்டு ஏழு. ராஜா மூன்று, ஏழு இரண்டு.
இனி என்னை அசைக்க யாராலும் முடியாது,
இப்போதாவது கொஞ்சம் இருமலாமே
என்றது உள்ளே ஒரு பழைய தொண்டை.
இருபதை வைத்தேன்.
நஞ்சுண்டன் கவிழ்த்தார்.
டாக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டினார்.
இக்னேஷியஸ் இருபதை எடுத்தார், முகர்ந்தார்,
ஏதோ முறைக்குக் கட்டுவது போலக் கட்டினார்.

கடைசிச் சீட்டு ஆட்டின் நாலு.
டாக்டரின் மூடிய கண் திறந்தது.
நான் இருபது. அவர் நாற்பது.
"போதும்மா, அவன் கையில இருக்கு" என்று
இக்னேஷியஸ் தன் சீட்டைக் கவிழ்த்தார்.
நான் அறுபது. அவர் எண்பது.
அதற்கு மேல் அட்டை விடாது.

ராஜாக்களைப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார்.
"எண்பதுக்கு மேல என்கிட்ட நீ வாங்க முடியாதே!"
மொத்தம் முந்நூற்று எண்பது.
வரம்பில்லாமல் இருந்திருந்தால்
அவர் கிளினிக் சாவி வரை போயிருக்கலாம்.
நான் போயிருப்பேன்.
மறைக்காமல் ஆடியது மனம் திருந்தியதாலா,
மறைத்தால் லாபமில்லை என்பதாலா?
நோட்டுகளை அடுக்கும்போது அதை யோசிக்க வேண்டியிருந்தது,
பாதியில் ஆட்டம் அடுத்த கைக்குப் போய்விட்டது.

பதினொன்றரைக்கு மழை விட்டபாடில்லை.
வழக்கம்போல இக்னேஷியஸை வீட்டில் விட,
ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன்.
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ரோடு தெரியவில்லை,
ஒரு பக்க வைப்பர் மட்டும் வேலை செய்தது.
"மூணுல இழுக்காது, ரெண்டுல போ" என்றார்.
மூன்று வருடமாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?
ரெண்டுக்கு மாற்றினேன்.