ஏழாவது மெயின், மூன்றாவது கிராஸ்

மத்திகெரே மூலையில் சோளம் சுடுகிறவர்
வீசிய கருகிய தக்கையில்
மூன்றே நாளில் ஆரஞ்சுப் பொடி பூத்திருந்தது.
தொட்டால் சட்டைவரை வரும்.
அதைத்தான் ஆய்வகத்துக்கு எடுத்துவந்தேன்,
ஊரெல்லாம் பரவிவிடும் என்று
பக்கத்து மேசை பிராஜக்தா திட்டத் திட்ட.

இப்போது அதன் நாலு கோடி எழுத்தும்
துண்டு துண்டாய் என் வீட்டுத் திரையில்.
ஏழு குரோமோசோம்.
ஒட்டிக்கொண்டே போனால்
ஒவ்வொன்றும் இடுப்பில் அறுந்துபோகிறது.

இரவு ஒன்பதே முக்கால். போன்.
"மேடம், செவன்த் மெயின், தர்ட் கிராஸல்லே இத்தீனி."
நிற்கிறார்தான், பொய்யில்லை.
எந்த லேஅவுட்டின் ஏழு, எந்த ஏழின் மூன்று?
அதே டிரான்ஸ்பார்மர், அதே தர்ஷினி,
அதே இளநீர் வண்டி.
நூற்றைம்பது எழுத்துத் துண்டுக்கும் இதே கதி:
எங்கே வைத்தாலும் பொருந்தும்,
அதனால் எங்கேயும் வைக்க முடியாது.

இந்தப் பூஞ்சைக்கு நகல் ஆகாது.
கூடலுக்குச் சற்று முன்
இரண்டு உட்கருவும் இன்னும் கலக்காத பொழுதில்
தன்னையே ஒருமுறை வாசித்துப் பார்க்கும்.
ஒரே வரி இருமுறை வந்திருந்தால்
இரண்டையும் கெடுக்கும்.
சி இருந்த இடங்களில் டி.
மூலத்தையும் விடாது.
தாவித் தாவிப் பெருக வந்த ஒட்டுண்ணி வரிகள்
இடுப்பில் குவிந்து கிடக்கின்றன,
வாய் குழறி.

பிழைத்துக்கொண்டது.
ஆனால் பழையதை இரட்டித்து
ஒன்றைப் புதிதாக்கிக்கொள்ளும் வழியும்
கூடவே அடைபட்டது.
அத்தனை பத்திரமாய் இருப்பவர்கள் மேல்
எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

அடையாளம் கேட்டார்.
"போர்டில் மூன்றின் கீழ்வளைவு துருப்பிடித்திருக்கும்,
பார்க்க இரண்டு மாதிரி.
அந்தத் தப்பான போர்டுதான் சரியான தெரு."
சொன்னபிறகு எனக்கே உறைத்தது.
நகல் ஒன்றேதான்,
கெட்ட விதம்தான் வேறு வேறு.
இந்த முனையையும் அந்த முனையையும் பிடித்தபடி
நடுவே நடந்துவந்த நீளத் துண்டு ஒன்று போதும்,
துருவைப் பார்த்துத் தெருவைச் சொல்ல.

ஈரேஷ் வந்தபோது பத்தரை.
ராய்ச்சூர்க்காரர்.
எங்கள் தெரு மூன்றைப் பார்த்துவிட்டு
எங்கள் தெருவுக்கு வந்திருந்தார்.
அக்கிரொட்டி விறைத்துப் போயிருந்தது.
ஐந்து நட்சத்திரம் கேட்டார், கொடுத்தேன்.

விடிவதற்குள் ஆறு இடுப்பு சேர்ந்தது.
ஏழாவது சேரவில்லை.
தெரியாத நீளத்தை நிரப்ப
வழக்கமான அந்த ஒற்றை ஆங்கில எழுத்தை
அடித்துக்கொண்டே போனேன்,
என் என் என் என் என்
என்று,
யாருடையது என்றே தெரியாத இடத்தில்.