இரண்டு சிவப்பு விளக்குகள்

முதலில் போனது சத்தம்.
விளக்கு அணைந்ததைக் கண் பார்ப்பதற்குள்
பாதங்கள் தெரிந்துகொண்டன:
தரையில் அந்த நடுக்கம் இல்லை.

முந்நூற்று அறுபத்தாறு மீட்டர் நீளம்.
மேல்தளத்தில் ஒன்பது அடுக்குப் பெட்டிகள்.
சுல்தான் ஷோல் கலங்கரை விளக்கைத் தாண்டி
பாசிர் பாஞ்சாங் நோக்கி, ஏழு நாட் வேகத்தில்,
பின்னிரவு இரண்டு பதினான்கு.
இயந்திரம் நின்றதைக் கடலுக்கு யாரும் சொல்லவில்லை,
கப்பலுக்கும்தான்.
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஹார்ட் போர்ட்" என்றேன்.
"ஹார்ட் போர்ட், சார்" என்றான் ஸாவ் லின்,
சக்கரத்தை இடக்கோடி வரை சுற்றி.
சுற்றிவிட்டு முள்ளைப் பார்த்தான்.
முள் நடுவிலேயே நின்றது.
சாப்பாட்டுத் தட்டளவு சக்கரம்.
அதன் முன்னால் ஒரு தெருவையே கட்டிவிட்டிருந்தார்கள்.

நாற்பதாவது விநாடியில் அவசர ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
முள் அசைந்தது. சுக்கான் திரும்பியது.
கப்பல் திரும்பவில்லை.
உந்துவிசிறி தள்ளிவிடும் நீர் இல்லாமல்
சுக்கான் வெறும் இரும்புக் கதவு,
சுவரில்லாத வீட்டுக்கு.

வலப்பக்கம் புக்கோம் தீவின் எண்ணெய் ஆலை,
தீபாவளி முடிந்தும் அணைக்க மறந்த
சிராங்கூன் சாலை மாதிரி.
வற்றுநீர் எங்களை அந்தப் பக்கம்
மெல்ல, மரியாதையாக, தள்ளிக்கொண்டு போனது.
நேர் எதிரே நங்கூரத்தில் ஓர் எண்ணெய்ப் படகு.
அதன் பின்தளத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்ததைத்
தொலைநோக்கியில் பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.

"நங்கூரம்?" என்றார் கேப்டன் ஸ்டோயன். "நங்கூரம்?"
"கொஞ்சம் பொறுங்கள்."
இந்த வேகத்தில் விட்டால் சங்கிலி பொறிபறந்து ஓடும்,
பிரேக் எரியும்,
கடைசிக் கண்ணியும் கடலோடு போகும்.
நாலுக்குக் கீழே வரட்டும்.
ஐந்து புள்ளி எட்டு. ஐந்து புள்ளி ஏழு.
இவ்வளவு பாரம் இருந்தால்
நிற்பதுகூடச் சோம்பேறி வேலை.
பின்னால் கயிறு கட்டியிருந்த டக்-கிலிருந்து ஹைருல் கத்தினான்:
"முழு பலம், பைலட்! இதுக்கு மேல கயிறுதான் அறும்!"

இயந்திர அறையிலிருந்து போன்.
பேசுகிறவன் குரலிலேயே ஓடும் போன் அது,
வேறு மின்சாரம் வேண்டாம்.
"ஃபில்டர் அடைப்பு, சார். டூ மினிட்ஸ்."
அந்த ஆங்கிலத்துக்குள் தூத்துக்குடி இருந்தது.
"தம்பி, உண்மையைச் சொல்லு" என்றேன் தமிழில்.
ஒரு மூச்சு நிறுத்தி
பெர்க்மான்ஸ் சொன்னான்:
"இருபது நிமிஷம்ணே."

பாய்மரக் கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக
இரண்டு சிவப்பு விளக்கு ஏற்றினார்கள்.
எல்லாக் கப்பலும் வாசிக்கத் தெரிந்த எழுத்து:
என்னால் விலக முடியாது, நீ விலகு.
என் வீட்டு வாசலில் அப்படி இரண்டு
மாட்டி வைத்திருந்தால் அந்த வருடம் –
சரி, அது வேறு.

நாலு புள்ளி மூன்று.
நாலு புள்ளி ஒன்று.
அங்கேயே நின்றது, வேண்டுமென்றே போல.
மூன்று புள்ளி ஒன்பது.
"லெட் கோ!"

முன்தளத்தில் துரு மேகமாய் எழுந்தது.
சங்கிலி ஓடியது, ஓடியது,
பிரேக்கில் அலறியது, மறுபடி ஓடியது.
எங்கோ சேற்றில் நகம் பதிந்து
அத்தனை பெட்டிகளும் ஒரே சமயத்தில் முனகின.
கப்பல் மெதுவாக மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது.
கொடியில் தொங்கியவற்றில் ஒன்று சிவப்புச் சட்டை என்பது
தொலைநோக்கி இல்லாமலே தெரிகிற தூரம்.

நாலு மணிக்கு மேல், என்னை இறக்கிய லாஞ்ச்
வெஸ்ட் கோஸ்ட் துறைக்குத் திரும்பியபோது
கோப்பி-ஓ மூடியைத் திறக்கையில் ஞாபகம் வந்தது:
"சுக்கான் போதும்" என்று நான் சொல்லவேயில்லை.
சொல்லாமல் அவன் கையை எடுக்கமாட்டான்.
வாக்கி-டாக்கியில் கூப்பிட்டேன்.
மூன்றாம் அதிகாரி சிரித்தார்.
"இன்னும் இடக்கோடியில பிடிச்சிக்கிட்டு நிக்கிறான், சார்."

"போதும்னு சொல்லுங்க" என்றேன்.
பாதிக் கோப்பி என் சட்டையில்.