பதம் பிரித்தல்

பிரதி எடுத்தாகிவிட்ட கோப்புகளின் பட்டியலை வாசி,
ஒவ்வொரு பெயராய் எடு,
அழி.
மூன்று வரி. பெப்ரவரி மாலை, ஆறேகால்.
ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில்
மூடுபனிக் குழல் ஊதிக்கொண்டிருந்தது.

கடலடி ஒலிவாங்கிகள் அள்ளிவந்த
பதினோராயிரம் கோப்புகள்.
திமிங்கிலம் பேசியது கொஞ்சம்,
மிச்சமெல்லாம் கப்பல் இரைச்சல்.
வட்டு நிரம்பிவிட்டதென்று
மூன்று நாளாய் அலறிக்கொண்டிருந்தது சர்வர்.

சோதனைக்கு வைத்த பத்துக் கோப்பில்
என் ஸ்கிரிப்ட் பிசகாமல் ஓடியது.
அந்தப் பத்துக்கும் பெயர் வைத்தவள் நான்:
இடைவெளி கிடையாது, எல்லாம் கீழ்க்கோடு,
காலை வணக்கத்துக்கு நிற்கும் வரிசை மாதிரி.

ஆனால் கப்பலில் போகிறவன் டங்கன்.
ஆடும் மேசையில், விறைத்த விரலால்
மனிதர் எழுதுவதுபோல் எழுதுவான்:
'கிழக்கு மிதவை 7'.

இடைவெளி கண்ட இடத்தில் ஷெல் வெட்டும்.
'கிழக்கு' என்றொரு கோப்பைத் தேடியது. இல்லை.
'மிதவை'யைத் தேடியது. இல்லை.
இல்லாததைப் பற்றி முணுமுணுக்காதே என்று
நானேதான் வாயைக் கட்டியிருந்தேன்.
பிறகு '7'.

இருந்தது.
டிசம்பரில் வேறு யாரோ இறக்கிவைத்த, வெறும் 7.
பட்டியலில் இல்லாதது, பிரதி இல்லாதது.
கிழக்கு மிதவை அசையாமல் கிடக்க
பக்கத்து வீட்டுக்காரன் போய்விட்டான்.

பலகை என்பதைப் பல கை என்று பிரித்து
நாம் சிரிப்போம்.
பிரிமொழிச் சிலேடை என்று அதற்கு
இலக்கணத்தில் பெயரும் உண்டு.
ஷெல்லும் அதையே செய்கிறது, சிரிக்காமல்.

எனக்கு இது புதிதில்லை.
விசா எழுதிய எவரோ
பூங்கோதைக்கு நடுவில் ஒரு வெற்றிடம் விட்டார்.
மருத்துவமனையில் 'பூங்' என்று கூப்பிடுகிறார்கள்.
வரிக் கடிதம் 'கோதை'க்கு வருகிறது.
இரண்டு பேருக்கும் ஒரே பல்வலி.

இரவு ஒன்பதுக்கு மறுபடி எழுத உட்கார்ந்தேன்.
பெயரின் இருபுறமும் மேற்கோள் குறி,
குளிருக்குக் கையுறை போல.
வரிக்கு ஒரு பெயர் என்றும் நம்ப முடியாது,
பெயருக்குள்ளேயே வரி முறியலாம்.
எந்தப் பெயரிலும் நுழைய முடியாத எழுத்து ஒன்றே,
சுழி. வெறுமை.
அதை வேலியாக நட்டேன்.

கோடு போட்டுத் தொடங்கும் பெயரை
ஷெல் கட்டளையென்று எண்ணிக்கொள்ளும்,
அதனால் முன்னால் ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு:
இவன் இந்த ஊர்க்காரன் என்று.
கோப்புறை காலியாயிருந்தால் நட்சத்திரக்குறி
தானே ஒரு கோப்பாய் வந்து நிற்கும்,
ஆளில்லாத வீட்டில்
பெயர்ப்பலகை வந்து கதவைத் திறந்ததுபோல்.
அதையும் வாசலிலேயே நிறுத்தினேன்.

நட்சத்திரம் என்றதும் வயிறு கலங்கியது.
பிடித்த ஒலிக்கு டங்கன் நட்சத்திரம் போடுவான்.
ஷெல்லுக்கு அது 'எல்லாம்'.
நல்ல காலம்,
அந்தக் கோப்பு அன்று வேறு பட்டியலில் இருந்தது.

கடைசியாக, அழி என்ற சொல்லுக்கு முன்னால்
எக்கோ என்று எழுதினேன்.
செய்யாதே, செய்யப்போவதைச் சொல்.
சொன்னது. நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள்,
ஒன்றும் உடையாமல்.
குழல் நிற்கும்வரை வாசித்தேன்.

7-இல் என்ன இருந்தது?
பதிவேட்டில் 'நாற்பத்தொரு நிமிடம், வடமேற்குக் காற்று'.
அதற்குமேல் யாரும் எழுதவில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

காலையில் டங்கன் இரண்டு காப்பியோடு வந்தான்.
இனி இடைவெளி விடமாட்டேன் என்றான்.
வேண்டாம், நீ எழுதுகிறபடியே எழுது,
பழகவேண்டியது ஸ்கிரிப்ட் என்றேன்.

போன வாரம் கப்பலிலிருந்து வந்த முதல் கோப்பு:
'- பூங்கோதை  இதையாவது விட்டு வை *'.
கோடு, இரட்டை இடைவெளி, நட்சத்திரம்.
வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறான்.
நேற்றிரவு ஸ்கிரிப்ட் அதைத் தாண்டிப் போயிற்று.
கோப்பு இருக்கிறது,
என் பெயர் முழுதாய்.